பானையும் பெட்டியும்: சின்ன ஸ்பீக்கர்களை எடைபோட்ட வரலாறு

“இம்மாந்துண்டு பொட்டிக்குப் பதினஞ்சாயிரமா மாப்ள? இந்தக் காசுக்கு ரெண்டு கொழாய் வாங்கிக் கட்டுனா ஊரையே எழுப்பிடலாமே.”

தாய்மாமா இப்படிக் கேட்டபோது என்னிடம் உடனே சொல்ல பதில் இல்லை. நான் வாங்க நினைத்தது ஒரு ஜோடி புக்‌ஷெல்ஃப் ஸ்பீக்கர். புத்தக அலமாரியில் வைக்கிற அளவில் இரண்டு மரப்பெட்டிகள். உள்ளே ஒரு ஊஃபர், ஒரு ட்வீட்டர். அதை ஓட்டத் தனியாக ஓர் ஆம்ப்ளிஃபயர் வேண்டும். அப்புறமும் தெருமுனை வரைக்கும்கூடச் சத்தம் போகாது.

மாமா கேட்டதில் நியாயம் இருந்தது. முப்பது வருஷம் மைக் செட் வைத்திருந்தவர் அவர். புதுச்சேரியிலிருந்து கடலூர் போகும் சாலையில் கன்னியக்கோயிலில் இறங்கிக் கிழக்கே போனால் எங்கள் மணப்பட்டு. பாகூர் கொம்யூனைச் சேர்ந்த கடலோர ஊர். சவுக்குத் தோப்பு, மணல், அதைத் தாண்டினால் கடல். கல்யாணம், மஞ்சள் நீர், மாசி மகம், கருமாதி என்று எது நடந்தாலும் தென்னை மரத்தில் மாமாவின் குழாய்கள் ஏறிவிடும். எங்கள் ஊரில் பாட்டு என்பது வீட்டுக்குள் போட்டுக் கேட்கிற ஒன்றாக இருந்ததில்லை. காற்று எந்தப் பக்கம் அடிக்கிறதோ அந்தப் பக்கம் வந்து சேர்கிற ஒன்று.

பெரிய சத்தம் மலிவு, சின்னச் சத்தம் விலை அதிகம். இது ஏன் என்ற கேள்வியைப் பிடித்துக்கொண்டு போனால் ஒலிபெருக்கியின் நூறு வருஷ வரலாறும் வந்துவிடுகிறது. மலிவான ஸ்பீக்கரை எப்படி எடைபோடுவது என்பதற்கான விடையும் அதற்குள்ளேயே இருக்கிறது.

*

குழாயிலிருந்தே தொடங்கலாம். 1915இல் கலிஃபோர்னியாவில் பீட்டர் ஜென்சன், எட்வின் பிரிதம் என்ற இருவர், காந்தப் புலத்துக்குள் அசையும் கம்பிச் சுருளோடு ஒரு பெரிய கூம்பைப் பொருத்தி, அந்த வருஷக் கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் சான் ஃபிரான்சிஸ்கோ நகர மண்டபத்தின் முன்னால் கூடிய கூட்டத்துக்குப் பேச்சையும் பாட்டையும் கேட்க வைத்தார்கள். அந்தக் கருவிக்கு அவர்கள் வைத்த பெயர் ‘மேக்னவாக்ஸ்’. லத்தீனில் பெருங்குரல் என்று பொருள்.

கூம்பு செய்கிற வேலை எளிமையானது. நாம் கையைக் குவித்து வாயருகே வைத்துக் கத்துகிறோமே, அதேதான். சிறிய தகட்டின் அசைவைச் சுற்றியுள்ள காற்றோடு நன்றாகப் பிணைத்துவிடுகிறது. அதனால் கொடுக்கிற மின்சாரத்தில் கூடுதல் பங்கு சத்தமாக மாறுகிறது. ஒரு வாட் கொடுத்தால் ஒரு மீட்டர் தூரத்தில் ஏறத்தாழ 105 டெசிபல் அளவுக்குக் கத்தும் குழாய்கள் உண்டு. அலமாரி ஸ்பீக்கருக்கு அதே ஒரு வாட்டைக் கொடுத்தால் 85 டெசிபல்தான் வரும். வித்தியாசம் 20 டெசிபல். பார்க்கச் சின்ன எண். ஆனால் 20 டெசிபல் என்றால் திறனில் நூறு மடங்கு. மாமாவின் குழாய் ஒரு வாட்டில் செய்வதை என் சின்னப் பெட்டி செய்ய நூறு வாட் வேண்டும். அதற்குள் அதன் கம்பிச் சுருள் புகைந்துகூடப் போகலாம்.

ஆனால் குழாய் ஒன்றை விட்டுக்கொடுத்துத்தான் இந்த வலுவைப் பெறுகிறது. கூம்பின் வாய்ச் சுற்றளவு ஏறத்தாழ ஒலியின் அலைநீளம் அளவுக்கு இருந்தால்தான் அந்த ஒலியை அது ஒழுங்காக வெளியே தள்ளும். பேஸ் கிட்டாரின் மிகத் தாழ்ந்த கம்பி 41 ஹெர்ட்ஸில் அதிர்கிறது. அதன் அலைநீளம் 8 மீட்டருக்கும் அதிகம். அதை முழுசாகக் கொண்டுவர இரண்டரை மீட்டருக்கு மேல் அகலமான வாய் வேண்டும். தென்னை மரத்தில் அதைக் கட்ட முடியாது. கட்டக்கூடிய குழாய்கள் 250, 300 ஹெர்ட்ஸுக்குக் கீழே வருவதைக் கைவிட்டுவிடுகின்றன.

அப்படியானால் ஒரு தலைமுறை எதைக் கேட்டது? 1978இல் வந்த ‘பிரியா’ படப் பாடல்களைத் தமிழின் முதல் ஸ்டீரியோ பதிவுகளாகப் பொதுவாகச் சொல்வார்கள். அதற்குப் பிறகான பத்துப் பதினைந்து வருஷங்களில் இளையராஜாவின் பாடல்களில் பேஸ் கிட்டார் ஒரு பக்கவாத்தியமாக இல்லை. தனக்கென்று ஒரு பாட்டைக் கீழே பாடிக்கொண்டே போகிறது. இடமும் வலமும் வயலின்கள் ஒன்றுக்கொன்று பதில் சொல்கின்றன. எங்கள் ஊர் அந்தப் பாடல்களை நூற்றுக்கணக்கான தடவை கேட்டது. மனப்பாடமாகத் தெரியும். ஆனால் கேட்டது ஒரே குழாயில், ஒரே பக்கத்திலிருந்து, கீழ்ப்பாதி வெட்டப்பட்ட வடிவத்தில்.

முழுக்க இழந்தோம் என்றும் சொல்ல முடியாது. காதுக்கு ஒரு சாமர்த்தியம் உண்டு. தாழ்ந்த சுரம் காணாமல் போனாலும் அதன் மேல் அதிர்வுகள் வந்துசேர்ந்தால், அடியில் இருந்திருக்க வேண்டிய சுரத்தை மூளை தானே ஊகித்துக்கொள்ளும். கூரையைப் பார்த்துவிட்டு அதன் கீழே வீடு இருக்கும் என்று நினைத்துக்கொள்வது மாதிரி. நாங்கள் அப்படி ஊகித்த வீட்டில்தான் குடியிருந்தோம்.

*

வீட்டுக்குள் வந்த முதல் ஒலிபெருக்கி ரேடியோவுக்குள் இருந்தது. 1925இல் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தின் செஸ்டர் ரைஸும் எட்வர்டு கெல்லாகும் கூம்புக் குழாய் இல்லாமல், காகிதக் கோனை நேரடியாக அசைத்துக் காற்றைத் தள்ளும் ஸ்பீக்கரை விவரித்துக் கட்டுரை வெளியிட்டார்கள். இன்று கடையில் இருக்கும் பெரும்பாலான ஸ்பீக்கர்கள் அடிப்படையில் அதேதான். நூறு வருஷமாகியும் அந்த எலும்புக்கூடு மாறவில்லை.

கோனுக்கு ஒரு பிறவிக் கோளாறு உண்டு. முன்பக்கம் காற்றைத் தள்ளும்போது பின்பக்கம் இழுக்கிறது. முன்னால் போகிற அலையும் பின்னால் போகிற அலையும் விளிம்பைச் சுற்றி வந்து சந்தித்தால் ஒன்றை ஒன்று அழித்துக்கொள்ளும். தாழ்ந்த ஒலிகளில் இந்த அழிவு அதிகம். முதுகுப்பக்கம் திறந்த மரப்பெட்டியுடைய பழைய வால்வு ரேடியோவில் இதுதான் நடந்தது. மரத்தாலும் துணியாலும் வந்த இனிமை இருந்தது, அடி இல்லை. எங்கள் கடலோரத்தில் சாயங்காலம் இலங்கை வானொலி தெளிவாக எடுக்கும். அறிவிப்பாளர்களின் குரலுக்கு அந்தப் பெட்டி போதும். பாட்டுக்குப் போதாது என்று அப்போது யாருக்கும் தோன்றவில்லை; ஒப்பிட வேறொன்று இல்லையே.

அடுத்து கேசட் வந்தது. வளைகுடாவிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் வந்தவர்கள் டூ-இன்-ஒன் கொண்டுவந்தார்கள். புதுச்சேரிப் பக்கத்துக்கே உரிய இன்னொரு வழியும் இருந்தது: பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வூதியம் வாங்கும் சொல்தாக்களின் வீடுகள். அங்கே போனால் இரண்டு தனித்தனிப் பெட்டிகளோடு ஒரு செட் இருக்கும். தொடக்கூடாது.

மற்றவர்களுக்கு அசெம்பிள் செட். சென்னை ரிச்சி தெருவிலிருந்து போர்டு, டிரான்ஸ்ஃபார்மர், ஸ்பீக்கர் எல்லாம் தனித்தனியாக வாங்கிவந்து உள்ளூர் மெக்கானிக் சால்டர் அடித்துக் கொடுப்பார். பெட்டி செய்ய ஆசாரிக்குக் கொடுக்கக் காசு இல்லாத வீடுகளில் ஸ்பீக்கர் எங்கே போயிற்று என்றால், பானைக்குப் போயிற்று.

சொன்னால் இந்தக் காலத்துப் பிள்ளைகள் சிரிக்கிறார்கள். ஆனால் 1980களிலும் 90களிலும் தமிழ்நாட்டு, புதுச்சேரி கிராமங்களில் டீக்கடை, சலூன், வீடு என்று பல இடங்களில் இது உண்டு. மண்பானையின் வாயில் எட்டு அங்குல ஸ்பீக்கரை வானம் பார்க்க உட்கார வைப்பது. கோனின் முதுகுப்பக்க அலை பானைக்குள் அடைபட்டுவிடும். முன்பக்க அலையை அழிக்க வர முடியாது. உடனே ‘தும் தும்’ என்று அடி வரும். பானையின் வளைந்த சுவர் பலகை மாதிரி அதிராது. முட்டையை உள்ளங்கையில் வைத்து அமுக்கினால் எளிதில் உடையாததற்கும் இதற்கும் காரணம் ஒன்றுதான். எங்கள் வீட்டுப் பானைக்குள் மாமா ஒரு கை இலவம்பஞ்சைத் திணித்து வைத்தார். “உள்ள போற சத்தம் முட்டிகினு நிக்குது மாப்ள, அதுக்கு மெத்தை போட்டன்” என்றார். அவருக்கு அதை யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

*

மாமா பஞ்சு திணிப்பதற்கு முப்பது வருஷம் முன்பே, அமெரிக்காவில் எட்கர் வில்ச்சர் என்ற ஆசிரியர் இதே இடத்தில் நின்று யோசித்திருந்தார். அவர் காலத்தில் நல்ல பேஸ் வேண்டுமென்றால் குளிர்சாதனப் பெட்டி அளவுக்கு ஸ்பீக்கர் வேண்டும். சிறிய பெட்டியில் காற்றை அடைத்தால் அந்தக் காற்று ஸ்பிரிங் மாதிரி கோனை எதிர்த்துத் தள்ளும்; ஏற்கெனவே விறைப்பாக இருக்கும் கோன் இன்னும் விறைப்பாகும்; பேஸ் மேலே ஏறிப் போய்விடும். பானையில் எல்லாப் பாட்டுக்கும் ஒரே மாதிரி ‘தும்’ கேட்டதற்குக் காரணமும் இதுதான்.

வில்ச்சர் செய்தது தலைகீழ். காற்று ஸ்பிரிங்காக இருக்கப்போகிறதென்றால் கோனின் விளிம்பு எதற்கு விறைப்பாக இருக்க வேண்டும்? அதைத் தொளதொளவென்று விட்டுவிட்டு, கோனைத் திருப்பி இழுக்கும் வேலையைக் காற்றிடமே ஒப்படைத்தார். துணி, காகிதத்தைவிடக் காற்று ஒழுங்கான ஸ்பிரிங். பெட்டிக்குள் கண்ணாடி நார்ப் பஞ்சை நிரப்பினார். 1954இல் ஹென்றி க்ளாஸோடு சேர்ந்து அக்கூஸ்டிக் ரிசர்ச் நிறுவனத்தைத் தொடங்கினார். அவர்களுடைய ஏஆர்-1 ஸ்பீக்கர், அலமாரியில் வைக்கிற பெட்டியிலிருந்து அதுவரை கேட்டிராத பேஸை எடுத்துக் காட்டியது. புக்‌ஷெல்ஃப் ஸ்பீக்கர் என்ற பொருளின் கதை இங்கிருந்துதான் வேகம் பிடிக்கிறது. ஒன்றுக்கு இரண்டாகப் பெட்டி வைக்கச் சொன்ன ஸ்டீரியோ சில வருஷங்களில் சந்தைக்கு வந்தபோது, வீட்டில் இடமில்லாதவர்கள் எல்லாம் சின்னப் பெட்டியின் பக்கம் வந்தார்கள்.

இதற்கு விலை உண்டு. க்ளாஸின் பின்னாள் கூட்டாளி ஆன்டன் ஹாஃப்மன் பெயரால் ஒரு விதி வழங்குகிறது. சிறிய பெட்டி, ஆழமான பேஸ், குறைந்த மின்சாரத்தில் அதிகச் சத்தம் ஆகிய மூன்றில் இரண்டைத்தான் எடுத்துக்கொள்ளலாம். மூன்றாவதைக் கொடுத்தாக வேண்டும். பொறியாளர்கள் இதை இரும்பு விதி என்பார்கள். குழாய் பேஸைக் கொடுத்துச் சத்தத்தை வாங்கியது. ஏஆர்-1 சத்தத்தைக் கொடுத்து பேஸை வாங்கியது. மாமாவின் கேள்விக்கு அரைப் பதில் இதுதான்: சின்னப் பெட்டி ஊரை எழுப்பாது, அது வேறு பண்டமாற்றில் இருக்கிறது.

1961இல் ஆஸ்திரேலியாவில் நெவில் தீல், 1970களின் தொடக்கத்தில் ரிச்சர்டு ஸ்மால் ஆகியோர் இந்தப் பண்டமாற்றைக் கணக்காக எழுதினார்கள். கோனின் எடை, விளிம்பின் தளர்வு, காந்தத்தின் வலு, பெட்டியின் கொள்ளளவு ஆகியவற்றைப் போட்டால் பேஸ் எங்கே நிற்கும் என்று சமன்பாடு சொல்லிவிடும். பெட்டியில் துளை போடுவதும் குருட்டாம்போக்காக இல்லாமல் அளந்து செய்கிற வேலையானது. மலிவு ஸ்பீக்கருக்கு இதைவிடப் பெரிய உபகாரம் எதுவும் இல்லை. நூறு பெட்டி செய்து பார்க்கத் தேவையில்லை. ஒரு பெட்டி போதும்.

இந்தியாவுக்கு இந்த அலை தாமதமாகத்தான் வந்தது. இறக்குமதிக் கட்டுப்பாடும் சுங்கமும் 1991 வரை வெளிநாட்டுச் சாமான்களைப் பர்மா பஜார்ப் பொருளாகவே வைத்திருந்தன. 1970இல் கொல்கத்தாவில் தொடங்கிய சோனோடைன் போன்றவை இங்கேயே ஸ்பீக்கர் வடிவமைத்தன. ஆனால் அவை நகரத்து நடுத்தர வீடுகளோடு நின்றன. பாகூர்ப் பக்கம் வந்து சேர்ந்தது வேறு: மேலே கண்ணாடி மாதிரி பளபளப்பு, முன்னால் வண்ண விளக்கு, பெட்டியில் அச்சடித்த ஆயிரக்கணக்கான ‘வாட்’. இரும்பு விதி தெரியாதவனை ஏமாற்ற அந்த எண் போதும்.

*

அப்படியானால் நல்லது எது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? இந்தக் கேள்விக்கும் தனி வரலாறு உண்டு. அது சுவாரசியமானது, ஏனென்றால் அதில் பாதி வித்தை, பாதி விஞ்ஞானம்.

1915 முதல் பத்து வருஷம் எடிசன் கம்பெனி ஊர் ஊராக ஒரு நிகழ்ச்சி நடத்தியது. மேடையில் பாடகி பாடுவார், விளக்கணைக்கும், விளக்கு வரும்போது பாடகி இருக்க மாட்டார், இசைத்தட்டு பாடிக்கொண்டிருக்கும். வித்தியாசம் தெரியவில்லை என்று கூட்டம் கைதட்டும். அதில் பாடிய அன்னா கேஸ் பின்னாளில் விஷயத்தைச் சொல்லிவிட்டார். இயந்திரத்தின் குரலுக்கு ஒத்துவருகிற மாதிரி தன் குரலைத்தான் அவர் மாற்றிப் பாடினாராம்.

வில்ச்சரின் கம்பெனியும் இதே மாதிரி செய்தது, ஆனால் கொஞ்சம் நேர்மையாக. ஃபைன் ஆர்ட்ஸ் குவார்டெட் என்ற நால்வர் குழு வாசித்துக்கொண்டே இருக்கும். நடுவில் வில்லைத் தூக்கிவிடுவார்கள். முன்பே பதிவு செய்ததை ஸ்பீக்கர் தொடரும். இந்த முறை இயந்திரம் மனிதரைப் பின்தொடர வேண்டியிருந்தது.

பிபிசியின் வழி இன்னும் எளிமையானது. வெளிப்புற ஒலிபரப்பு வேனுக்குள் வைக்க அவர்களுக்கு ஒரு குட்டி ஸ்பீக்கர் தேவைப்பட்டது. 1970களில் அவர்களுடைய ஆராய்ச்சித் துறை எல்எஸ்3/5ஏ என்ற பெட்டியை உருவாக்கியது. 30 சென்டிமீட்டர் உயரம், 19 அகலம், 16 ஆழம். கிட்டத்தட்டக் குழந்தையின் செருப்புப் பெட்டி இரண்டை அடுக்கினது மாதிரி. ஆழமான பேஸ் கிடையாது, சத்தமும் கம்மி. பிபிசிக்காரர்கள் அதில் விடாப்பிடியாகக் காப்பாற்றியது ஒன்றை: மனிதக் குரலை. பக்கத்து அறையில் பேசுகிற ஆளையும் ஸ்பீக்கரில் வருகிற அவர் குரலையும் மாறிமாறிக் கேட்டுச் சரிபார்ப்பது அவர்கள் வழக்கம். தினம் கேட்கிற குரலில் பொய் இருந்தால் காது உடனே பிடித்துவிடும். வயலினில் அந்தப் பொய் ஒளிந்துகொள்ளலாம்.

இதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. மாமா குழாயைக் கட்டி முடித்ததும் முதலில் என்ன செய்வார்? “அலோ... மைக் டெஸ்டிங்... ஒன் டூ த்ரீ...” பாட்டு போட்டுச் சரிபார்த்து நான் பார்த்ததே இல்லை. தன் குரலைத்தான் போட்டுப் பார்ப்பார்.

கடைசி அடியை எடுத்து வைத்தவர் ஃபிளாய்டு டூல். கனடாவின் தேசிய ஆராய்ச்சிக் கவுன்சிலில் இருந்தபோது, ஸ்பீக்கரைத் திரைக்குப் பின்னால் மறைத்துவைத்துக் கேட்கச் சொன்னார். விலையும் பெயரும் அழகும் கண்ணுக்குத் தெரியாதபோது, வெவ்வேறு மனிதர்களின் தீர்ப்பு ஆச்சரியப்படும் அளவுக்கு ஒன்றாக இருந்தது. எந்த ஸ்பீக்கர் எல்லாச் சுரங்களையும் ஏற்ற இறக்கமின்றிச் சமமாகத் தருகிறதோ, நேர் முன்னால் மட்டுமல்ல பக்கவாட்டிலும் அதே சீரோடு தருகிறதோ, அதையே பெரும்பாலோர் தேர்ந்தெடுத்தார்கள். பிறகு ஹர்மன் நிறுவனத்துக்குப் போய், 1994இல் ஷான் ஆலிவோடு சேர்ந்து தலைகீழாகவும் செய்துபார்த்தார். அங்கே வேலை செய்யும் 40 பேர் அதே ஸ்பீக்கர்களைத் திரையோடும் திரையில்லாமலும் கேட்டார்கள். திரை இருந்தபோது நல்ல மதிப்பெண் வாங்கிய ஒரு சிறிய, மலிவான செட், திரையை எடுத்ததும் மதிப்பெண்ணை இழந்தது. பெரிய, அழகான பெட்டிகள் ஏறிக்கொண்டன. மாறியது காது இல்லை.

*

இவ்வளவையும் வைத்துக்கொண்டு எங்கள் வீட்டுக் கூடத்தில் ஒரு பரீட்சை நடத்தினேன். மூன்று ஜோடி: ஒன்று நண்பரிடம் இரவல், ஒன்று பழசு, ஒன்று பிடிக்காவிட்டால் திருப்பி அனுப்பலாம் என்று வரவழைத்தது. மூன்றுமே பதினைந்தாயிரத்தைச் சுற்றி. பழசில் ஒன்றைத் தொட்டதும் ஊஃபரைச் சுற்றியிருந்த நுரை விளிம்பு மாவாக உதிர்ந்தது. எங்கள் பக்கத்து ஈரக்காற்றில் நுரை நாளடைவில் அப்படித்தான் ஆகும். ரப்பர் விளிம்பு தாங்கும். கடலோரத்தில் இருப்பவர்கள் ஸ்பீக்கரில் முதலில் பார்க்க வேண்டியது அதைத்தான். விளிம்பு மாற்றி ஒட்டிய பிறகு மூன்றையும் வரிசையாக வைத்து, முன்னால் கொடியில் மாமாவின் எட்டு முழ வேட்டியைக் கட்டினேன். மெல்லிய வேட்டி பாட்டைப் பெரிதாகத் தடுக்காது.

முதல் சுற்றில் மாமா தயங்காமல் இரண்டாவதைக் காட்டினார். ஆனால் நான் ஒரு தப்பு செய்திருந்தேன். ஒரே ஆம்ப்ளிஃபயரில் ஒரே அளவு வைத்தாலும் மூன்றும் ஒரே சத்தத்தில் பாடாது. ஒரு டெசிபல் கூடினாலே காது அதைச் ‘சத்தம் அதிகம்’ என்று சொல்லாது, ‘நல்லா இருக்கு’ என்று சொல்லும். கடைகளில் நடக்கிற வியாபாரத்தில் பாதி இதில்தான் ஓடுகிறது. செல்போனில் ஒலி அளக்கும் செயலியை வைத்து, உட்காரும் இடத்தில் மூன்றையும் சமன் செய்தேன். அடுத்த சுற்றில் இரண்டாவது கீழே போய்விட்டது.

இன்னொரு எதிரி கூடமே. கான்கிரீட் கூரை, சிமெண்டுத் தரை, வெறும் சுவர். கைதட்டினால் ‘டிங்’ என்று திரும்பி வரும். அந்த அறையில் லட்ச ரூபாய் ஸ்பீக்கரும் கிணற்றுக்குள்ளிருந்து பாடுவது மாதிரிதான் இருக்கும். இரண்டு கோரைப்பாய், ஒரு பழைய மெத்தை, ஜன்னலுக்குக் கனமான துணி. செலவு எதுவும் இல்லை. பெட்டிகளைச் சுவரிலிருந்து இரண்டடி முன்னால் தள்ளி, ட்வீட்டர் காது உயரத்துக்கு வருகிற மாதிரி ஸ்டூலில் ஏற்றினேன். சுவரோடு ஒட்டிவைத்தால் பேஸ் வீங்கும். பழைய பானையின் ‘தும்’ திரும்பி வந்துவிடும்.

பாட்டு போடுவதற்கு முன் மாமாவின் பேச்சையே பதிவு செய்து போட்டேன். “அலோ, மைக் டெஸ்டிங்.” அத்தையைக் கூப்பிட்டுக் கேட்க வைத்தேன். ஐம்பது வருஷமாக அந்தக் குரலைக் கேட்டவர். முதல் பெட்டிக்கு “சளி புடிச்ச மாரி இருக்கு” என்றார். இரண்டாவதுக்கு “டப்பாக்குள்ள பேசறாரு.” மூன்றாவதில் ஒன்றும் சொல்லவில்லை. திரும்பி மாமாவைப் பார்த்து “இன்னா?” என்றார், கூப்பிட்டதாக நினைத்து.

மூன்றாவது ஜோடி பார்க்க ஒன்றுமில்லாத கறுப்புப் பெட்டி. மூன்றிலும் விலை குறைந்ததும் அதுதான். எல்லா நேரமும் இப்படி ஆகும் என்று சொல்ல மாட்டேன்; மலிவானதில் பெரும்பாலானவை மலிவாகவே ஒலிக்கும். ஆனால் எது எதைக் கொடுத்து எதை வாங்கியிருக்கிறது என்பது வேட்டிக்குப் பின்னால்தான் தெரிந்தது. முதலாவது மினுமினுப்புக்காக ட்வீட்டரை ஏற்றிவிட்டிருந்தது. இரண்டாவது சத்தத்துக்காக நடுப்பகுதியைத் தூக்கியிருந்தது. மூன்றாவது ஆழமான பேஸையும் பெரிய சத்தத்தையும் விட்டுக்கொடுத்துக் குரலைக் காப்பாற்றியிருந்தது. பதினைந்தாயிரத்துக்குள் எல்லாம் தருகிறேன் என்கிற பெட்டியைவிட, எதைத் தரமாட்டேன் என்று தெரிந்து செய்த பெட்டி மேல்.

அதற்கப்புறம்தான் பாட்டு. மாமா குழாயில் ஆயிரம் தடவை போட்ட ஒரு பழைய இளையராஜா பாட்டு. கண்ணை மூடிக் கேட்டார். நடுவில் கையைத் தூக்கி நிறுத்தச் சொன்னார்.

“கீழ ஒருத்தன் தனியா இன்னாமோ வாசிச்சிகினே போறானே. யாரு அவன்?”

“பேஸ் கிட்டார் மாமா. எப்பவுமே இருந்ததுதான்.”

“எப்பவுமேவா?”

திரும்பப் போடச் சொன்னார். அந்த ஒரு பாட்டையே நாலு தடவை கேட்டார்.

நான் வேறொன்றையும் கவனித்தேன். முதல் பெட்டியின் கூசவைக்கும் ட்வீட்டர் அத்தைக்கு உறுத்தியது, எனக்கும் உறுத்தியது. அவருக்கு உறுத்தவே இல்லை. ஜாலராவின் ஓசை மூன்றிலும் அவருக்கு ஒன்றுதான். பெருஞ்சத்தத்தில் நாள்பட நின்ற காது முதலில் இழப்பது இந்த உயர்ந்த ஓசைகளைத்தான், போனால் திரும்பாது. இரவு 10 மணியிலிருந்து காலை 6 வரை ஒலிபெருக்கி கூடாது என்ற விதி 2000இல் வந்தது. அது ஊரின் தூக்கத்தைக் காப்பாற்ற வந்தது. குழாய்க்கு அடியிலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தவரின் காதை யாரும் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை. மலிவான சத்தத்துக்கு அவர் தனியாக ஒரு விலை கொடுத்திருக்கிறார். பேஸ் கிட்டார் அவருக்கு வந்து சேர்ந்தபோது ஜாலரா போய்விட்டிருந்தது.

எட்கர் வில்ச்சர் 1967இல் தன் கம்பெனியை விற்ற பிறகு ஸ்பீக்கர் பக்கமே வரவில்லை. மீதி வாழ்நாளில் பெரும்பகுதியைக் காது மந்தமானவர்களுக்கான கருவிக்குச் செலவிட்டார். உயர்ந்த ஓசையையும் தாழ்ந்த ஓசையையும் தனித்தனியாகப் பிரித்து, எது கேட்கவில்லையோ அதை மட்டும் அளவோடு தூக்கிக்கொடுக்கிற முறை அவருடையது. அதற்குக் காப்புரிமை எடுக்காமல் எல்லோருக்கும் விட்டுவிட்டார். இன்றைய காது கருவிகளின் உள்ளே அந்த யோசனைதான் ஓடிக்கொண்டிருக்கிறது. 2011இல் காலமானார்.

மூன்றாவது ஜோடியை வைத்துக்கொண்டேன். மாமாவைக் காது பரிசோதனைக்கு அழைத்துப்போக வேண்டும் என்று சொன்னதற்கு, “அதுக்கு எவ்ளோ ஆவும்?” என்று கேட்டார். சொன்னேன்.

“இம்மாந்துண்டு மிஷினுக்கா?” என்றார்.